வாசல் மண்ணும் ஒரு மணித்தியாலமும்

கடந்த மாதம் இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களுள் ஒன்று பொகவந்தலாவைப் பக்கத்துச் சகோதரி ஒருவருடையது. பிள்ளையின் அப்பியாசக் கொப்பியிலிருந்து கிழித்த தாளில் எழுதியிருந்தார். "எங்கள் தோட்டத்துக்கு மூன்று முறை வீட்டுத்தோட்டப் பயிற்சி வந்துவிட்டது. மூன்று முறையும் விதைப் பைக்கற்றும் சோற்றுப் பார்சலும் தந்தார்கள், போட்டோ எடுத்தார்கள். இன்றைக்கு லயத்துக்குப் பின்னால் போய்ப் பார்த்தால் ஒரு போஞ்சிக் கொடிகூட இல்லை. எங்களுக்குத்தான் படிப்பு ஏறவில்லையா, எங்கள் மண்ணில் குறையா?" என்று கேட்டிருந்தார்.

சகோதரி, அந்த மூன்றில் ஒன்றை நானே நடத்தியிருந்தாலும் ஆச்சரியமில்லை. அதே மாதிரிப் பயிற்சிகளை நானும் நடத்தியவள்தான்.

2017ஆம் ஆண்டு. சமூகவியல் பட்டத்தை முடித்துக்கொண்டு களப்பணிக்கு வந்து சில வருடங்களே ஆகியிருந்தன. டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பிள்ளை மடுவத்தில் செயலமர்வு. சுவரில் பெரிய தாள் ஒட்டி 'நிலைபேறான விவசாயம்' என்று தலைப்பு எழுதியிருந்தேன். 32 பெண்கள் கையொப்பமிட்டார்கள். கொழும்பிலிருந்து வந்த வளவாளர் நன்றாகத்தான் பேசினார். முடிவில் போஞ்சி, தக்காளி, கத்தரி, மிளகாய் விதைகள் பகிரப்பட்டன. அந்தக் குளிருக்குக் கத்தரியும் மிளகாயும் சரியாக வராது என்று வந்திருந்த அத்தனை பேருக்கும் தெரியும். விருந்தாளியின் மனம் நோகக்கூடாதென்று சும்மா இருந்திருக்கிறார்கள்.

ஆறு வாரம் கழித்துப் போனேன். போஞ்சி இரண்டு சாண் வளர்ந்து, இலை மஞ்சளாகி, அப்படியே நின்றுவிட்டிருந்தது. "தண்ணீர் ஊற்றினீர்களா? களை பிடுங்கினீர்களா?" என்று நான் பரீட்சை வைக்கிற மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தேன். முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றிருந்த ஓர் அம்மாயி, இஸ்தோப்பில் உட்கார்ந்தபடியே சொன்னார்: "மிஸ்சு, இது தேயில மண்ணுங்க. தேயிலைக்குத்தான் புளிச்ச மண்ணு புடிக்கும். போஞ்சி என்ன பாவம் பண்ணுச்சு?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நானும் லயத்தில் பிறந்தவள்தான். எங்கள் அம்மா பீலிக்குப் பக்கத்தில் வெங்காயத்தாளும் புதினாவும் போட்டிருந்தது நினைவிருக்கிறது. அடுப்புச் சாம்பலை வீணாக்காமல் அங்கேதான் கொண்டுபோய்க் கொட்டுவார். அது ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. படித்து வெளியே போவதுதான் அன்றைக்கு எனக்கு இருந்த ஒரே எண்ணம்.

அம்மாயி சொன்ன புளிப்பைத்தான் விவசாய உத்தியோகத்தர்கள் அமிலத்தன்மை என்கிறார்கள். அதை அளக்கும் அளவீட்டில் 7 என்பது நடுநிலை. அதற்குக் கீழே போகப் போகப் புளிப்பு. தேயிலைக்கு நாலரைக்கும் ஐந்தரைக்கும் இடைப்பட்ட மண் வேண்டும். போஞ்சி, கோவா, பீட்ரூட் போன்றவற்றுக்கு ஆறுக்கு மேல் இருந்தால்தான் வேர் நன்றாக ஓடும். தேயிலைக்கு வருடக்கணக்காகப் போட்டு வந்த அமோனியம் சல்பேற்று அந்த மண்ணை மேலும் புளிக்க வைத்திருக்கிறது. இது போதாதென்று, லயம் கட்டும்போது சரிவை வெட்டி மட்டமாக்கியிருப்பார்கள் அல்லவா, அப்போது மேல்மண் போய் அடிமண்தான் வாசலில் மிஞ்சியது. நூறு வருடம் மிதிபட்டு அது கல்லாகியும் கிடக்கிறது. அதில் விதையைத் தூவிவிட்டு விளையவில்லை என்றால் பெண்களைக் குறை சொல்லலாமா?

ஆகவே முதலில் மண்ணைச் சரிசெய்ய வேண்டும். கடைகளில் டொலமைற் என்று ஒரு வெள்ளைத் தூள் விற்கிறார்கள். தேயிலை மலைக்கும் போடுவதுதான். ஒரு சதுர மீற்றருக்கு இரண்டு மூன்று கைப்பிடி தூவி, கொத்திக் கலந்து, இரண்டு மூன்று வாரம் விட்டபிறகு நட வேண்டும். அது கிடைக்காத இடத்தில் அடுப்புச் சாம்பல் ஓரளவுக்கு அந்த வேலையைச் செய்யும். புது மாட்டெருவையும் சாம்பலையும் ஒரே நாளில் சேர்த்துப் போடாதீர்கள். எருவில் இருக்கும் சத்து காற்றோடு போய்விடும். அது முதலில், இது பிறகு என்று இடைவெளி விட்டுப் போடுங்கள்.

கூட்டுப்பசளை செய்வதற்கு எங்கள் பக்கத்தில் பொருளுக்குப் பஞ்சமில்லை. தெருவோரம் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் காட்டுச் சூரியகாந்தியின் இளம் தண்டையும் இலையையும் வெட்டி, மாட்டெரு, சமையல் கழிவு, காய்ந்த மானாப்புல் என்று அடுக்கி வைத்தால் போதும். அந்தச் சூரியகாந்தி இலையில் தழைச்சத்தும் சாம்பல்சத்தும் நிறைய உண்டு. மேற்குக் கென்யாவில் சிறு விவசாயிகள் அதே செடியை வேலியிலிருந்து வெட்டிச் சோள வயலுக்குப் பசளையாகப் போடுகிறார்கள் என்று வாசித்தபோது, நம் ஊர்க் களைக்கு அங்கே இத்தனை மதிப்பா என்றிருந்தது. ஒரு விடயம்: பயிற்சிப் புத்தகங்களில் இரண்டு மாதத்தில் பசளை தயார் என்று போட்டிருக்கும். அது வெப்பமான ஊர்க் கணக்கு. நம் குளிருக்கு மூன்று நான்கு மாதம் பிடிக்கும். மேலே பழைய தகரமோ பொலித்தீனோ மூடாவிட்டால் மே மாதம் தொடங்கும் மழையில் சாறெல்லாம் கானோடு ஓடிவிடும். எங்கள் முதல் குவியல் அப்படித்தான் போனது.

பாத்தி போட இடமே இல்லாத இரட்டை லயங்களுக்குச் சாக்குத் தோட்டம் பொருந்துகிறது. கென்யாவின் தலைநகர் நைரோபியில் கிபேரா என்ற மிகப்பெரிய சேரிப்பகுதி இருக்கிறது. 2008ஆம் ஆண்டு, தேர்தலுக்குப் பிந்திய கலவரங்களால் அங்கே உணவு கிடைப்பது கஷ்டமானபோது, ஒரு நிவாரண நிறுவனத்தின் உதவியோடு பெண்கள் வீட்டு வாசலில் சாக்குகளை நிறுத்திக் கீரை பயிரிட்டார்கள். செய்முறை எளிது. அடியில்லாத பால்மா டின் ஒன்றைச் சாக்கின் நடுவில் வைத்து, டின்னுக்குள் சிறு கல்லும் அதைச் சுற்றிப் பசளை கலந்த மண்ணுமாக நிரப்ப வேண்டும். மண் உயர உயர டின்னை மேலே இழுத்துக்கொண்டே வந்தால், நடுவில் ஒரு கல் தூண் நிற்கும். அதில் ஊற்றும் தண்ணீர் சாக்கு முழுவதும் பரவும். பக்கவாட்டில் சிறு ஓட்டைகள் போட்டு நாற்றைச் செருகலாம். ஒரு சாக்கில் இருபது முப்பது நாற்று தாராளமாக நிற்கும். மாச்சாக்கு நல்லது. பூச்சிமருந்து, களைநாசினி வந்த பைகள் எவ்வளவு கழுவினாலும் வேண்டாம். எங்கள் பெண்கள் இதில் வல்லாரை, வெங்காயத்தாள், சலாது, பீட்ரூட் என்று வைத்தார்கள். பீட்ரூட்டைப் பக்கத்தில் வைத்தால் கிழங்கு கோணலாகத்தான் வரும். அதை உச்சியில் வைக்க வேண்டும் என்பதை ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைதான் கண்டுபிடித்துச் சொன்னது.

இப்படி மண், பசளை, சாக்கு என்று எழுதிக்கொண்டே போகலாம். ஆனால் கடிதம் எழுதிய சகோதரிக்கு நான் சொல்ல விரும்புவது வேறு. மண்ணின் குறையை ஆறு மாதத்தில் சரிசெய்தோம். அறிவு அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. மலையில் கொழுந்து எடுக்கும்போதே மணத்தக்காளி, பொன்னாங்காணி, வல்லாரை என்று கண்ணில் பட்டதைப் பறித்து மடியில் கட்டி வருகிற பெண்களுக்குச் செடியைப் பற்றி நான் என்ன சொல்லிக்கொடுப்பது? களைநாசினி அடித்த மலையில் அன்றைக்குக் கீரை பறிக்காதீர்கள் என்பது ஒன்றைத்தான் நான் புதிதாகச் சொல்லியிருப்பேன். அவர்களிடம் இல்லாதவை இரண்டு. ஒரு மணித்தியாலம் நேரம், தன்னுடையது என்று சொல்ல ஒரு துண்டு நிலம். இந்த இரண்டையும் எந்த விதைப் பைக்கற்றிலும் வைத்துக் கொடுக்க முடியாது.

நேரத்தை எடுத்துக்கொள்வோம். விடிய நாலரை, ஐந்துக்கு எழும்பித் தண்ணீர், சமையல், பிள்ளைகள். ஏழரைக்குப் பிரட்டு. பிறகு மலை. பகல் நிறுவை முடிந்து ஓடிவந்து வாயில் எதையோ போட்டுக்கொண்டு திரும்ப மலை. நாலரைக்குக் கடைசி நிறுவை. அதற்குப் பிறகு விறகு, பிள்ளைகளின் உடுப்பு, இரவுச் சமையல். ஞாயிறு என்றால் ஒரு வாரத்து அழுக்கும் டவுனும். நான் என் செயலமர்வை ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வைத்தேன்! வந்த 32 பேரில் பாதிக்கு மேல் ஓய்வு பெற்றவர்களும் பிள்ளை பெற்று வீட்டில் இருந்தவர்களும். மற்றவர்கள் ஒரு நாள் 'பேர்' இழந்து வந்திருந்தார்கள். அவர்கள் இழந்த நாட்சம்பளத்துக்கு நான் ஒரு சோற்றுப் பார்சல் கொடுத்தேன்.

பிறகு அவர்களையே கேட்டோம். கொழுந்து மடுவத்தில் நிறுவைக்கு வரிசையில் நிற்கும் நேரம் இருக்கிறதே, அதில் பதினைந்து நிமிடம் வா என்றார்கள். அன்றிலிருந்து பாடம் அங்கேதான். ஒரு நாளைக்கு ஒரு விடயம். ஒரு கையில் காட்டுச் சூரியகாந்தி, மறு கையில் அரைகுறையாக மக்கிய பசளை. அடுத்த வாரம் அவர்கள் கொண்டுவந்து காட்டுவார்கள். துரைக்கு இது பிடிக்குமோ என்று பயந்தேன். கணக்கப்பிள்ளை தன் வீட்டுக் கோவாவில் புழு விழுந்திருப்பதாகச் சொல்லி அவரும் வந்து கேட்க ஆரம்பித்துவிட்டார்.

பாத்திக்குத் தண்ணீர் ஊற்றும் நேரம் மட்டும் கிடைக்கவில்லை. ஜனவரி முதல் மார்ச் வரை வெயில். அந்த மாதங்களில் பீலியும் மெலிந்துவிடும். பதினான்கு வீடுகளில் மூன்றில் மட்டும் புருஷன்மார் குடம் தூக்க முன்வந்தார்கள். அதில் ஒருவரை மற்றவர்கள் கேலி செய்ததில் இருட்டின பிறகுதான் தூக்குவார். கேலி செய்தவர்கள் வீட்டிலும் இரவில் அதே கீரைதான் வெந்தது என்பதை இங்கே எழுதியே ஆக வேண்டும்.

நிலத்தின் கதை இன்னும் கசப்பானது. தோட்ட நிலம் 1970களில் அரசுடைமையாகி, 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போய், குத்தகையில் நடந்து வருகிறது. லயத்துக்குப் பின்னால் இரண்டடி நிலத்தில் மிளகுத்தக்காளி வைத்தாலும் அது யாரோ ஒருவர் பார்த்தும் பாராமல் இருப்பதால் நிற்கிறதே தவிர உரிமையால் அல்ல. அண்மைக் காலத்து வீடமைப்புத் திட்டங்களில் வீட்டோடு 7 பேர்ச் கிடைத்த குடும்பங்கள் கொடுத்து வைத்தவை. ஏழு பேர்ச் என்றால் ஏறத்தாழ 1,900 சதுர அடி. வீடு போக ஒரு நல்ல மரக்கறித் தோட்டத்துக்கு இடம் மிஞ்சும். ஆனால் பெரும்பாலோர் இன்னும் லயத்தில்தான்.

2019இல் வேறொரு தோட்டத்தில், பெயர் வேண்டாம், ஆற்றோரம் சும்மா கிடந்த கால் ஏக்கரைப் பதினொரு பெண்கள் கேட்டார்கள். வாய்ப்பேச்சாகச் சரி என்றார்கள். மானாப்புல்லை வெட்டி, கல் பொறுக்கி, வரம்பு கட்டி, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் உழைத்து ஆறு மாதத்தில் லீக்ஸ் எடுத்தார்கள். முதல் விளைச்சலை வீட்டுக்குப் பங்கிட்டது போக மிச்சத்தை விற்று, பிள்ளை மடுவத்துக்கு ஒரு பெரிய தண்ணீர்ப் பானை வாங்கினார்கள். இரண்டாம் போகத்துக்கு நாற்று வைத்திருந்த நேரத்தில் அந்த இடம் தோட்டத்துக்குத் தேவை என்று சொல்லப்பட்டது. மூன்று மாதம் கழித்து அங்கே உருளைக்கிழங்கு நின்றது. போட்டவர் செல்வாக்குள்ள ஓர் ஆண். மண்ணைத் திருத்தியது யார், விளைச்சல் எடுத்தது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கடுதாசி கேட்காதது என் பிழை. "பிரச்சினை வராது, அக்கா" என்று அந்தப் பதினொரு பேருக்கும் சொன்னவள் நான். அதன்பின் அந்தத் தோட்டத்துக்கு நான் போனால் தேத்தண்ணீர் தருவார்கள்; தோட்டம் போடுவது பற்றிப் பேச்செடுத்தால் ஒவ்வொருவராக எழுந்து உள்ளே போய்விடுவார்கள்.

அந்த மனத்தாங்கலில் இருந்த நாட்களில்தான் வங்காரி மாத்தாயைப் பற்றித் தேடி வாசித்தேன். கென்யாவின் நியேரி மலைநாட்டில் 1940இல் பிறந்து, மிருக வைத்தியத் துறையில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். கிராமத்துப் பெண்களிடம் உங்கள் கஷ்டம் என்ன என்று கேட்டபோது அவர்கள் சொன்னது விறகு இல்லை, நல்ல தண்ணீர் இல்லை, பிள்ளைகளுக்குச் சத்துள்ள சாப்பாடு இல்லை என்பதுதான். முன்பு சாப்பாட்டுப் பயிர் நின்ற காணிகளில் கோப்பியும் தேயிலையும் போன்ற பணப்பயிர்கள் வந்துவிட்டிருந்தன. இதைப் படித்தபோது நம் நுவரெலியாவைப் பற்றிச் சொல்கிறாரா என்று தோன்றியது. 1977இல் அவர் தொடங்கிய பசுமைப் பட்டி இயக்கத்தில், நாற்று வளர்ப்பது எப்படி என்று காட்டிலாகா உத்தியோகத்தர்கள் சிக்கலாகப் பாடம் எடுத்தார்கள். பெண்களோ உடைந்த சட்டியில் மண்ணைப் போட்டுத் தங்களுக்குத் தெரிந்த வழியில் வளர்த்துக் காட்டினார்கள். நட்டு உயிர் பிழைத்த ஒவ்வொரு நாற்றுக்கும் ஒரு சிறு தொகை அவர்கள் கையிலேயே கொடுக்கப்பட்டது. 2004இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. ஆபிரிக்கப் பெண் ஒருவருக்குக் கிடைத்த முதலாவது அதுதான். 2011இல் மறைந்தார்.

நாற்று நட்ட பெண்ணின் கையிலேயே காசு போய்ச் சேர வேண்டும் என்று பார்த்தார்களே, அது என் மனதில் நின்றது. சம்பளத்தையே புருஷன் போய் வாங்கி வந்த வழக்கம் நம் தோட்டங்களில் எவ்வளவு காலம் இருந்தது என்பது மூத்த வாசகிகளுக்குத் தெரியும்.

அதனால் டிக்கோயாப் பக்கத்தில் இரண்டாம் முறை தொடங்கியபோது முதலில் ஒரு கடிதம் கேட்டோம். பழைய மாட்டுப்பட்டிக்குக் கீழே இருந்த துண்டு நிலத்தில் பதினான்கு பெண்கள் ஒரு வருடத்துக்குப் பயிர் செய்யலாம் என்று துரையின் கையெழுத்தோடு ஒரு கடிதம். துரை மறுக்கவில்லை. பெரிய கிளாக்கர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "குடும்பத் தலைவர் பெயரைப் போடுங்கள், இதெல்லாம் யாருடைய பெயர்?" என்றார். நான் பதில் தேடிக்கொண்டிருக்கும்போது ஓர் அக்கா முந்திக்கொண்டார்: "ஐயா, செக்றோல்ல எங்க பேருதானுங்களே இருக்கு. கொழுந்து எடுக்க எங்க பேரு வேணும், பாத்திக்கு மட்டும் எதுக்குங்க அவரு பேரு?" பெரிய கிளாக்கர் சிரித்துவிட்டார். சரி, செக்றோல் இலக்கத்தோடு எழுதித் தாருங்கள் என்றார். அந்த இலக்கத்தால் வேறொரு சிக்கல் வந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

கடிதம் கிடைத்தது 2021 ஜனவரியில். நல்ல வேளையாகக் கிடைத்தது. அந்த வருடம் மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே அறிவித்தலில் தடை செய்யப்பட்டது. நவம்பர் கடைசியில் நீக்கும்போது தேயிலை, நெல், மரக்கறி எல்லாமே அடி வாங்கியிருந்தன. பசளை இல்லாத மலையில் கொழுந்து குறைந்தது. கிலோ நிறையாமல் அரைப்பேர் விழுந்தது. ஏற்கெனவே அந்த மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாவான கையோடு பல தோட்டங்களில் கிலோவைக் கூட்டிக் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். சேதனப் பசளை என்ற சொல்லே அந்த வருடத்தில் கெட்ட பெயர் எடுத்துவிட்டது. நான் பாத்தி பற்றிப் பேசப் போனால் "நீயும் அதத்தான் சொல்ல வந்தியா?" என்று கேட்டவர்கள் உண்டு. நாடு முழுவதையும் ஒரே இரவில் மாற்றச் சொல்வதும், பத்தடிப் பாத்தியில் மூன்று வருடம் மண்ணைக் கட்டி எழுப்புவதும் ஒன்றாகுமா?

அடுத்த வருடம் 2022. அதை நினைவூட்டத் தேவையில்லை. செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம் என்று கொழும்புக் கணக்கு சொன்னது. நாட்சம்பளத்தில் ஒரு கிலோ கரட்டும் கொஞ்சம் பருப்பும் வாங்கினால் கை காலி. அந்த ஜூனில் அரச ஊழியர்கள் வீட்டில் பயிர் செய்யட்டும் என்று வெள்ளிக்கிழமைகளை விடுமுறையாக்கினார்கள். கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு அப்படி ஒரு வெள்ளிக்கிழமை கிடைக்கவில்லை. அவளைப் பார்த்தும் 'வீட்டுத்தோட்டம் செய்' என்று சொன்னவர்கள் மட்டும் பலர்.

பதினான்கு பாத்திகளிலிருந்து அந்த மாதங்களில் கிடைத்தது கீரை, முள்ளங்கி, போஞ்சி, கொஞ்சம் உருளைக்கிழங்கு. வாரத்தில் நான்கு நாள் கறிச்சட்டியில் பச்சையாக ஏதோ ஒன்று விழுந்தது. அரிசியோ பருப்போ எண்ணெயோ பாத்தியில் முளைக்காது. ஆகவே, வீட்டுத்தோட்டம் இருந்தால் சம்பளப் பிரச்சினை பாதி தீர்ந்தது என்று மேடையில் பேசுகிறவர்களை நம்பாதீர்கள். 2016ஆம் ஆண்டு அரசாங்கக் கணக்கெடுப்பின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் உயரக் குறைவானவர்கள் நாடளாவிய ரீதியில் 17 வீதம், தோட்டப்புறத்தில் 32 வீதம். இந்த வித்தியாசத்தை வல்லாரைச் சம்பலால் மட்டும் சரிக்கட்ட முடியாது. சம்பளம் சம்பளமாக வர வேண்டும், கீரை கீரையாக வர வேண்டும். அம்மாயி இதையே வேறுவிதமாகச் சொல்வார். 1974ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் அவருக்குப் பத்து வயது. லயத்துக்குப் பின்னால் மரவள்ளி வைத்திருந்த வீடுகளில் பிள்ளைகள் பிழைத்தன, ஆனால் பசியோடுதான் பிழைத்தன என்பார்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த மழையை மலைநாட்டார் யாரும் மறக்க மாட்டோம். எங்கள் துண்டு நிலத்தில் மேல் வரிசைப் பாத்திகள் நான்கு வழுகிக் கீழே வந்துவிட்டன. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மற்ற இடங்களில் நடந்ததோடு பார்த்தால் இதைச் சேதம் என்று சொல்லவும் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் அதற்குப் பிறகு பாடத்தின் வரிசையை மாற்றிவிட்டேன். இப்போது முதல் பாடம் கான். சரிவுக்குக் குறுக்கே, மட்டத்துக்குச் சற்றே சாய்வாகக் கான் வெட்டி, அதன் கரையில் மானாப்புல்லோ குவாத்தமாலா புல்லோ நட்டு, பிறகுதான் பாத்தி. லயத்துக்குப் பின்புறம் நிற்கும் மண்திட்டின் அடியைப் பாத்திக்காக ஒரு சாண்கூடக் கொத்தாதீர்கள். அங்கே சாக்குத் தோட்டம் போதும், அதுவும் திட்டுக்கு எதிர்ப்பக்கம், வாசலில். திட்டில் வெடிப்புக் கண்டாலோ, ஊற்று புதிதாகக் கலங்கி வந்தாலோ தோட்டத்தை மறந்துவிட்டுப் பிள்ளைகளோடு வெளியேறுங்கள். கிராம உத்தியோகத்தருக்கு அறிவித்தால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் தகவல் போகும்.

பொகவந்தலாவைச் சகோதரிக்கு: அடுத்த முறை பயிற்சி என்று யாராவது வந்தால், விதை வாங்குவதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள். எங்கள் எந்த நேரத்தில் வருவீர்கள்? எந்த நிலம், யார் பெயரில், கடிதம் எங்கே? பதில் இல்லையென்றால் சோற்றுப் பார்சலை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள். வாங்குகிற விதையிலும் குளிருக்கு வருவது எது என்று நீங்களே சொல்லுங்கள். நான் மரியாதைக்காகச் சும்மா இருந்தவர்களால் கெட்டவள்.

செக்றோல் இலக்கத்தின் சிக்கலைச் சொல்கிறேன் என்றேன். பதினான்கு பேருக்கும் மண்ணைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தது அந்த அம்மாயி. ஆனால் ஓய்வு பெற்றவருக்குச் செக்றோலில் இலக்கம் இல்லை. ஆகவே கடிதத்தில் அவருக்கு இடமில்லை. அவருடைய பாத்தி மருமகளின் இலக்கத்தில்தான் ஐந்து வருடமாக இருக்கிறது. மருமகள் நல்ல பிள்ளை. அதில் ஒரு குறையுமில்லை. ஆனால் அம்மாயி ஒவ்வொரு ஜனவரியும் கடிதம் புதுப்பிக்கும்போது என்னிடம் கேட்பார்: "எம் பேரு வந்துச்சா, மிஸ்சு?"

இந்த முறை பட்டியலின் கீழே பதினைந்தாவதாக அவருடைய பெயரை எழுதி, இலக்கம் போடும் இடத்தில் அவருடைய பழைய இலக்கத்தைப் போட்டு, 'ஓய்வு பெற்றவர்' என்று அடைப்புக்குறிக்குள் எழுதிக் கொடுத்திருக்கிறோம். பெரிய கிளாக்கர் மாறிவிட்டார். புதியவர் துரையிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை. அம்மாயி அதற்காகக் காத்திருக்கவில்லை. சரிந்த நான்கு பாத்திகளுக்குமாகச் சேர்த்து, ஒரு பழைய சவர்க்காரப் பெட்டியில் லீக்ஸ் நாற்றுப் போட்டு இஸ்தோப்பில் வைத்திருக்கிறார். போன கிழமை பார்த்தேன், ஊசி ஊசியாக எழும்பியிருந்தன.